பேசாமல் இருந்த கிழமை

என் தங்கச்சி மகளின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளை. பக்கத்தில் இருந்தவளின் தோளைக் கடித்து, பிடிக்க வந்த டீச்சரின் கையையும் கடித்துவிட்டு, றப்பர் மரம் நிற்கிற மலைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். அது முதல் தடவை இல்லை. பெரிய டீச்சர் எங்களைக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. மத்த புள்ளைங்களோட அம்மாமாரு என்னைய நிக்க விடமாட்டேங்கிறாங்க. டொக்டருக்குக் காட்டுங்க. கொஞ்சம் அடங்கினதும் கூட்டிட்டு வாங்க, நானே சேத்துக்கிறேன்."

அடங்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பிள்ளை முதலாம் வகுப்போடு நின்றுவிடுமோ என்பதுதான் எங்களுக்குப் பயம். என் தங்கச்சி இப்போது இல்லை. அவள் மகளும் பிள்ளையும் குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் என்னோடுதான் லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருக்கிறார்கள். பிள்ளையின் அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளையும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

கோயிலில் நூல் கட்டினோம். சிங்கள வைத்தியரிடம் போய்த் தலைக்கு எண்ணெய் வாங்கினோம். எண்ணெய்ப் போத்தலைப் பிள்ளை சுவரில் அடித்து உடைத்துவிட்டாள்.

அப்போதுதான் தோட்டத்துக்கு ஆராய்ச்சிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. சிங்களத்தில் ஊர்த் தலைவருக்கு ஆரச்சி என்று பேர் உண்டு. அடுத்த காம்பராக்காரி என்னிடம், "எந்த ஊரு ஆரச்சி? அந்த மாத்தயாவுக்கு நம்ம லயத்துல என்ன சோலி?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது, சிரித்து வைத்தேன்.

வந்தது மாத்தயா என்கிற ஐயா யாரும் இல்லை, ஒரு மிஸ். வடக்குப் பக்கத்துப் பிள்ளை, டொக்டருக்குப் படித்தவர். கடிக்கிற, எறிகிற, சொன்னதற்கெல்லாம் எதிராகச் செய்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி. மாத்திரை கொடுக்க மாட்டார். பிள்ளையோடு எப்படி நடந்துகொள்வது என்று பெற்றவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பார். வேறு இடங்களில் அப்படிச் செய்து பிள்ளைகள் தேறியிருக்கிறார்களாம். லயத்துக் காம்பராவில் அது சரிவருமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில், கிழமைக்கு ஒரு பின்னேரம் கூட்டம். றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு தங்கச்சி மகள் போவாள், துணைக்கு நான். கூட்டத்தில் பேச எனக்கு வெட்கம். பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பேன்.

முதல் கூட்டம் முடியும்போது மிஸ் சொன்னார்: "இந்தக் கிழமை ஒரே ஒரு வேலைதான். பிள்ளை என்ன செய்தாலும் பேசாதேங்கோ. எறிஞ்சாலும் பேசாதேங்கோ, கத்தினாலும் பேசாதேங்கோ. கஷ்டமாத்தான் இருக்கும், செய்து பாருங்கோ."

வீட்டுக்கு வருகிற வழியிலேயே தங்கச்சி மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, ஒரு வார்த்த கூடவா பேசக்கூடாது?"

"பத்தியம் மாதிரி நெனச்சுக்க" என்றேன்.

அன்றிலிருந்து இருவரும் பிள்ளையோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால் கொடுப்போம், வாய் திறக்கமாட்டோம். சோற்றுப் பீங்கானைக் கவிழ்த்தாள். பேசாமல் கூட்டி அள்ளினோம். எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை கவிழ்த்தாள். பிறகு செருப்பு, சீப்பு, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பறந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வேறு விஷயம்.

அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னாடி, எழவு வீடு மாதிரி இருக்கு? புள்ள சத்தம் மட்டுந்தான் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

"வைத்தியம்" என்றேன்.

"நல்ல வைத்தியம்!"

ரெண்டு நாள் கழித்துப் பிள்ளை எறிவதை விட்டுவிட்டாள். அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. என் மடியில் ஏறி உட்கார்ந்து, விரலால் என் உதட்டைப் பிரித்துப் பார்த்தாள். "பெரியம்மா, ஒங்களுக்குப் பல்லு வலியா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அம்மாவிடம் போய்த் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மா, நான் இனிமே கடிக்கமாட்டேன். பேசுங்க." தங்கச்சி மகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பாவி, அப்போதும் பேசவில்லை. பேசினால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போகும் என்று அவளுக்கு எண்ணம்.

அடுத்த கூட்டத்தில் மிஸ் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்ததும் தங்கச்சி மகள் அழுதுவிட்டாள்.

"முடியலங்க மிஸ். மாத்திர இருந்தா குடுங்க. பேசாம மட்டும் இருக்க முடியாது."

"ஏனம்மா, கோவம் கூட வருதோ?"

"கோவம் இல்லங்க. புள்ள தண்ணி கேட்டா 'இந்தா'ன்னு சொல்லக்கூட முடியலியே."

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். "'இந்தா' எண்டு ஏன் சொல்லேலாது?"

"நீங்கதானே பேசக்கூடாதுன்னீங்க."

மிஸ் இவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா! எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறது. பிள்ளையை ஏசாதேங்கோ எண்டுதான் நான் சொன்னனான். நீங்க பேசுறது எண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். பிள்ளையோட நல்லாக் கதைக்கோணும், நல்லாக் கதைக்கோணும்!"

மடுவம் முழுவதும் சிரித்தது. முன்வரிசையில் ஒருத்தி, "அப்ப நாங்க வாரம் பூரா வாயாடிக்கிட்டுத்தான் இருந்தோம் மிஸ். எங்களுக்கு மார்க் கொறப்பீங்களா?" என்றாள்.

"சொன்னதைச் சொன்னபடி கேட்டது இவை ரெண்டு பேரும்தான்" என்று மிஸ் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து, தரையிலேயே உட்கார்ந்து, "அம்மா, என்னை மன்னிக்கோணும். இந்தக் கிழமையை என்ர ஆராய்ச்சியில நான் எங்க கொண்டுபோய்ப் போடுறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்தவர்களுக்கு முன்னால் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தங்கச்சி மகள் கூட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. வெளியே ஊஞ்சலில் விட்டுவந்த பிள்ளையிடம் ஓடினாள். அங்கேயே மண்ணில் குந்தி, எறும்பைப் பற்றி, பாலைப் பற்றி, அப்பா கொழும்பிலிருந்து வரும்போது என்ன கொண்டுவருவார் என்பதைப் பற்றி, என்னென்னமோ பேசினாள். பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் வைத்தியம் உண்மையில் ஆரம்பமானது. ஏசாமல் இருப்பது பேசாமல் இருப்பதை விடக் கஷ்டம் என்று தெரிந்தது. பிள்ளை செய்கிற நல்ல காரியத்தை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். "செருப்ப வரிசையா வச்சிட்டியே" என்று சொன்னால் போதும். விளையாட்டை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். எறிந்தால் கத்தாமல் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இடையில் ஒரு நாள் என் கையைக் கடித்தாள். ஆனால் கடித்துவிட்டு ஓடவில்லை. கடித்த இடத்தைத் தானே ஊதிக்கொண்டு நின்றாள். கூட்டங்கள் முடிந்தபோது மிஸ் பெரிய டீச்சரிடம் தானே போய்ப் பேசினார். திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார்கள்.

தங்கச்சி மகளுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன். வகுப்பு வாசலில் பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர், "வா, ஒன்னோட எடம் காலியாத்தான் இருக்கு" என்றார். பிள்ளை கையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

உடனே வரப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து நின்றேன். ஒரு சத்தம் கேட்டால் உள்ளே ஓடலாம் என்று செருப்பைக் கூடக் கழற்றி வைத்திருந்தேன். பிள்ளைகள் பாடம் சொல்கிற சத்தம் மட்டுந்தான் கேட்டது. இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். அவளும் ஓடிவந்தாள். ஒரு பிள்ளை அவள் கையிலிருந்த ரொட்டியில் பாதியைக் கேட்டது. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிய்த்துக் கொடுத்தாள். அது பாதி இல்லை, சின்னத் துண்டுதான். போதும் என்று நினைத்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பகலில் படுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குப் பாயை விரித்துப் படுத்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரைக்கும் அசந்து தூங்கிவிட்டேன்.