அழுக்கு முட்டை

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஞாயிறுதோறும் ஒருவர் இயற்கையாக வளர்த்த நாட்டுக்கோழி முட்டை விற்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தோள் துண்டால் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார். தூசி என்றாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவருடைய கூடையில் ஒவ்வொரு முட்டையிலும் மண்ணும் வைக்கோலும் ஒட்டியிருந்தன.

நான் நாமக்கல்காரன். முட்டையைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிர் உண்டு.

"ஏனுங்க, கழுவிக் கொண்டாரக் கூடாதுங்களா?" என்றேன்.

"மொதல்ல கழுவித்தானுங்க கொண்டாந்தேன். பண்ணை முட்டைக்குச் சாயம் போட்டிருக்கான்னு ஒருத்தருமே தொடலீங்க. கம்பும் சோளமும் போட்டு, மருந்தே இல்லாம வளர்த்த கோழிங்க. தீனிச் செலவாவது வர வேண்டாமுங்களா?"

"அதனால கழுவறதையே உட்டுட்டீங்களாக்கும்?"

அவர் முகம் சுளித்தார்.

"அழுக்கோட எப்படீங்க விக்கறது? நல்லாக் கழுவி, காயவெச்சு, அப்பறம் சலிச்ச செம்மண்ணாப் பாத்துப் பூசறனுங்க." குரலைத் தாழ்த்தினார். "முட்டை நெசமுங்க. அழுக்குத்தான் போலி."

இப்படியும் ஏமாறுகிற ஜனங்களை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, மண் சரியாக ஒட்டாத இரண்டை ஒதுக்கி, நன்றாக அப்பியிருந்த பத்தைப் பொறுக்கினேன். வீட்டில் நம்ப வேண்டுமே.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்து, முட்டைகளின் மேல் பக்குவமாக வைத்தார்.

"இதுக்குக் காசு வேண்டாமுங்க."