ஜீப் வருவதற்குள் ஒரு வருட நீதிபோதனை

போலகத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ‘பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள். நீதிபோதனைக்கு வாரம் ஒரு பீரியடு போதாது, இரண்டாக்க வேண்டும் என்று உங்கள் பத்தியில் வலியுறுத்துங்கள்.’

வலியுறுத்தியிருப்பேன் — போன வியாழக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால்.

என் மகள் வசந்தி எட்டாவது படிக்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம். காரைக்காலில் இருக்கிறது, அது போதும். டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு நீதிபோதனை. ஆனால் ஜூலையிலிருந்து அந்த நேரத்தில் நடந்ததெல்லாம் கணக்குதான். கணக்கு டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நீதிபோதனையில் யாராவது ஃபெயில் ஆனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி... வழியெல்லாம் தமிழ்நாடு. தலைமையாசிரியரின் மைத்துனர் சிதம்பரத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறார். அதிகாரிக்கு டிபன் அங்கேதான். அவர் இலை முன்னால் உட்கார்ந்ததும் இங்கே போன் அடிக்கும். எப்படியும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்.

வியாழக்கிழமையும் போன் அடித்தது. இந்த முறை அதிகாரி நீதிபோதனை நோட்டைப் பார்க்கிறாராம். உடனே எட்டாம் வகுப்புக்குப் புது நோட்டு வந்தது. டீச்சர் தேதி சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள். ஜூலையில் காலந்தவறாமை. ஆகஸ்டில் பெரியோரை மதித்தல். ஜீப் சீர்காழியைத் தாண்டுவதற்குள் அக்டோபர் முடிந்துவிட்டது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை — வாய்மை.

வசந்தி எழுந்து நின்றிருக்கிறாள்.

“டீச்சர், அன்னைக்குப் புயல் லீவு விட்டாங்க.”

“வாயை மூடிட்டு எழுதும்மா. ஜீப் வந்துடும்.”

எழுதினாள். வாய்மை என்ற தலைப்புக்குக் கீழே அவள் எழுதியது இதுதான்: ‘இன்று புயல் விடுமுறை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் கணக்கு நடந்தது.’

நாற்பது நோட்டில் அதிகாரி கையில் சிக்கியது அந்த நோட்டு. படித்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் நீட்டி, “இதைப் பாத்துக்குங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் எனக்கு அழைப்பு.

“உக்காருங்க சார்” என்றார் தலைமையாசிரியர். “உங்க எழுத்தை ஒரு வாரம்கூட விடாம படிக்கிறேன். நேர்மையைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் பிரேயர்ல வாசிக்கச் சொன்னேன்.”

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

“பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. ஆனா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நம்ம ஸ்கூல் எட்டாவதோட சரி. ஒன்பதாவதுக்கு எங்க போனாலும் நன்னடத்தைச் சான்றிதழ் கேப்பாங்க. அதுல நான் என்ன எழுதறது, நீங்களே சொல்லுங்க.”

வசந்தி மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். புது நோட்டில் முதலிலிருந்து எல்லாப் பாடத்தையும் எழுதித் தர வேண்டும். தந்தால் ‘நன்று’ என்று எழுதுவார். உண்மை எழுதியவளுக்கு நன்னடத்தை இல்லை. பொய் எழுதினால் உண்டு!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எத்தனை வாரம் இதே இடத்தில் உட்கார்ந்து உங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்... “திங்கக்கிழமை கொடுத்தனுப்புறேங்க சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் வந்தேன்.

சனிக்கிழமை காலை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

“நான் பொய் எழுதலியேப்பா.”

“எழுதினேன்னு யாரும்மா சொன்னா? ஊர் ஓடினா ஒத்து ஓடணும். படிப்பு முக்கியமில்லையா?”

“நீங்க இப்படி எழுத மாட்டீங்களே.”

“அது பத்திரிகையிலம்மா.”

பிறகு பேனாவைத் திறந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வாய்மைக்கு என் சொந்த நடையில் நாலு வரி சொன்னேன், நன்றாகவே வந்தது. அந்த இடத்தில் மட்டும் அழுதாள். தாள் நனைந்துவிட்டது. கிழித்துவிட்டு மறுபடி எழுத வைத்தேன்.

கடைசியில் மன்னிப்புக் கடிதம். புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போது அவள் கண்ணில் ஈரமில்லை. அதிகாரிக்கு முன்னால் குமாஸ்தா கேட்பதுபோல அமைதியாகக் கேட்டாள்.

“இதுல எந்தத் தேதிப்பா போடணும்?”

போலகத்து வாசகரே, இரண்டு பீரியடு எதற்கு? என் பெண்ணுக்கு ஒரு காலைப்பொழுதே போதுமாக இருந்தது.