தண்ணீரில் விழாத தாய்

சயாம் பிக்குகளுக்கு ஒரு விதி உண்டு. பிக்கு எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது, பெற்ற தாயையும்தான். அவள் தண்ணீரில் விழுந்து தத்தளித்தால் மட்டும் ஒரு கயிற்றையோ துணியையோ நீட்டலாம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம். வாழ்நாளெல்லாம் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விலக்கையும் சேர்த்து எழுதிய விதியைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். இந்த விதியிடமும் வந்தது.

பெரும் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பினாங்கில் துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வீடு புலாவ் தீக்குஸில், சயாம் கோயிலுக்கு அடுத்த சந்தில். இளமையில் சயாம் துறைகளுக்குப் போகும் கப்பல்களில் வேலை பார்த்ததால் அந்த மொழி வரும். எனவே கோயிலுக்கும் முனிசிபல் ஆபீசுக்கும் நடுவே கடிதம் எழுதுகிற, சம்பளமில்லாத உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

அந்தக் கோயிலில் ஒரு வெள்ளைக்காரப் பிக்கு இருந்தார். சயாமில் ஈயச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் காவி கட்டியவர். ஐம்பதை நெருங்கும் வயது. விதிகளை அவர் படித்ததுபோல அந்த மண்ணில் பிறந்தவர்கள் யாரும் படித்ததில்லை. அவர் வருவது தெரிந்தால் மற்றப் பிக்குகள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். தலைமைப் பிக்கு அவரைவிட இளையவர். அவரும் அப்படித்தான்.

அந்த மழைக்காலத்தில் வெள்ளைக்காரரின் தாய் கப்பலேறி வந்தாள். மகனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டுமாம். பெண்ணோடு தனியாக வண்டியில் வர அவருக்கு அனுமதியில்லை. துறைமுகத்திலிருந்து நான்தான் அழைத்துவந்தேன். மடியில் ஒரு ஜாம் பாட்டிலை வைத்திருந்தாள். அவளே கிண்டியதாம். பாதி உலகம் கடந்து உடையாமல் வந்திருந்தது.

மகனைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பாட்டிலை நீட்டினாள். அவர் தன் முன்னால் ஒரு துணியை விரித்து, அதன் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டார். பாட்டிலை அதில் வைக்க வேண்டும். பெண்ணிடமிருந்து பிக்கு பொருள் வாங்கும் முறை அதுதான். நான் எடுத்துச் சொன்னபிறகு வைத்தாள். உச்சிக்குப் பிறகு பிக்கு எதையும் உண்ணக் கூடாது; உச்சி தாண்டியிருந்ததால் அவரால் அதை ருசி பார்க்கவும் முடியவில்லை.

திரும்பும் வழியில், தன் கை அவ்வளவு அசுத்தமா என்று என்னிடம் கேட்டாள். விதியை விளக்கினேன், தண்ணீர் விலக்கு உட்பட. கவுன்ட்டர் மூடிவிட்டது என்று சொல்லக் கேட்டவள்போலத் தலையசைத்தாள்.

தலைமைப் பிக்குவுக்கும் தாய் உண்டு. அடிக்கடி வருவாள். வாழைச்சீப்பை அதே துணியில் வைத்துக் கும்பிடுவாள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து, மகன் தொந்தி போட்டுவிட்டதற்காக ஊருக்கே கேட்கும்படி வைவாள். அவளுக்கு அந்தத் துணி கண்ணிலேயே பட்டதில்லை.

ஊர் திரும்புவதற்கு முன்பே வெள்ளைக்காரிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாள்தோறும் மகன் இன்னொரு பிக்குவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருவார். வாசலோரம் நின்று ஓதுவார். அவள் கட்டிலிலிருந்து கையை நீட்டுவாள். அவர் அந்தக் கையைப் பார்த்தபடியே ஓதுவார். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. மருந்தைக்கூட.

அங்கே காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்தவர் நம்மவர், வாய்த்துடுக்குக்காரர். “என்ன கிராணியாரே, ஒங்க சாமியார்த் தொரை இன்னிக்கும் வாசப்படிதானா? உள்ள வந்தா கூரை இடிஞ்சிருமா?” என்றார். அவருக்கும் விதியைச் சொன்னேன். வாயில் கைவைத்துக் கேட்டுவிட்டு, “தண்ணில விழுந்தாத்தான் துணி நீட்டுவாரா? அப்ப வாங்கலா, இந்தக் கெழவியக் கப்பல் ஜெட்டிக்குத் தூக்கிட்டுப்போய்த் தள்ளிவிடுவம்” என்றார்.

சிரித்தேன். சிரிப்பு வீடுவரை வரவில்லை. மறுநாள் இதைப் பிக்குவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சட்டப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். கடும் நோயைத் தண்ணீருக்குச் சமமாகக் கொள்ளலாமா என்று பாங்காக்கில் உள்ள மூத்த பிக்குகளுக்கு ஒரு மனு எழுதினார். நடைமுறை சரியா என்று பார்க்க என்னிடம் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமைப் பிக்குவின் மேலொப்பம் மட்டும் பாக்கி.

தலைமைப் பிக்கு அதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சயாம் மொழியில் சொன்னது நம் பேச்சில் இப்படி வரும்: “அம்மா படுத்துக் கெடக்குது. காவியக் கழட்டி வச்சிட்டுப் போ. பக்கத்துல உக்காந்து கையப் பிடி. எல்லாம் முடிஞ்சதும் வந்து திரும்பக் கட்டிக்க. காவி எங்க ஓடிப்போகுது?”

சயாமில் இது யாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு மழைக்காலம் காவி கட்டி, இறங்கி, கல்யாணம் செய்துகொள்கிறவர்கள்தான் அங்கே பாதி ஆண்கள். கோயில் சமையற்காரனே இருமுறை பிக்குவாக இருந்தவன். யாரும் கேலி செய்வதில்லை.

வெள்ளைக்காரர் மறுத்தார். சாகும்வரை என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவருடைய நாட்டில் துறவை விட்டு இறங்கியவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்களாம்.

“சாவுற வரைக்கும்னு ஒன்னை யார் கேட்டது? நாங்க கேக்கலியே” என்றார் தலைமைப் பிக்கு.

பாங்காக்கிலிருந்து எழுத்தில் வந்தால் இறங்குவதாகச் சொன்னார் இவர். தலைமைப் பிக்கு சொன்னதே போதும், அவருடைய வாய்ச்சொல்லுக்கு இதில் அதிகாரம் உண்டு என்று நானும் வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு கிராணி இப்படிப் பேசலாமா என்ற வருத்தம் இருந்தது. மேலொப்பம் விழுந்தது. மனு கப்பலேறியது.

அவள் ஒரு பகல்வேளையில், மகன் வருவதற்குச் சற்று முன்னால், இறந்துபோனாள். நான் போனபோது டிரெஸ்ஸர் வராந்தாவில் கைகழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

“கைய நீட்டிச்சு. நான் பிடிச்சேன். மகன்னு நெனச்சிருச்சு போல, விடவேயில்ல. நான் வாயே தொறக்கலண்ணே. பேசுனாத் தெரிஞ்சிரும்லா.”

அதுவரை அவர் என்னை அண்ணே என்று அழைத்ததில்லை.

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பிக்கு சற்றுத் தள்ளி வெயிலில் நின்றார். கடைசியில் தாயின் பக்கத்தில் யார் இருந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டிரெஸ்ஸர் எழுந்து நின்றார். பிக்கு அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஆணைத் தொடுவதற்கு விதியில் தடையில்லை. வெகுநேரம் விடவில்லை. வாய்த்துடுக்குக்காரர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாங்காக்கிலிருந்து வந்த பதிலை நான்தான் கோயிலுக்கு எடுத்துப்போனேன். தலைமைப் பிக்கு வாயால் சொன்னதேதான் அதில் எழுத்தில் இருந்தது: காவியைக் களைந்து தாயைக் கவனிக்கட்டும், பிறகு திரும்பக் கட்டிக்கொள்ளட்டும், இத்தகைய விஷயங்களை இங்கே அனுப்பத் தேவையில்லை. பிக்கு கடைசி வரியை இரண்டாம் முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்குப் பின் என் உத்தியோகத்தில் எழுத்தில் கொடுங்கள் என்று யாரைக் கேட்டாலும், கட்டிலிலிருந்து நீண்ட அந்தக் கை கண்முன் வராமல் இருந்ததில்லை. பதில் வந்த நாள், மழைக்காலம் முடிந்து ஊரார் பிக்குகளுக்குப் புதுக் காவி கொடுக்கும் திருநாள்.