டாக்டர் சவரிமுத்து ஒத்துக்கொண்ட தவறு

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி காதர் வகுப்பு வாசலில் வந்து நின்றான். கடலூருக்கு மளிகைச் சரக்கு எடுக்கப் போனவன், காலைப் பாசஞ்சரில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பியிருந்தான்.

"மச்சான், நம்ம பல் டாக்டர் மவுத்தாயிட்டாரு. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னு உக்காந்தாராம். அவ்வளவுதானாம்."

சாவுச் செய்திக்கு இன்னாலில்லாஹி சொல்ல வேண்டிய வாய் அது, சொல்லவில்லை. அதற்கு முன்னால் என் நாக்கு தானாகப் போய்க் கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. அந்தப் பல்லின் குழிக்குள் மருந்து நனைத்த பஞ்சு இருக்கிறது. மேலே தற்காலிகமாகப் பூசிய சிமெண்டு. மூன்று தடவை போக வேண்டியதில் இரண்டு முடிந்து, மூன்றாவது தடவை வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று டாக்டர் சொல்லியிருந்தார்கள். ஐயையோ, என் பல்! அதுதான் முதலில் மனசுக்கு வந்தது. மனுஷர் இறந்து கிடக்கிறார், எனக்குப் பல் கவலை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் சவரிமுத்து அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது அதைவிடக் கேவலம்.

அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையே அவர்களுடைய ஆஸ்பத்திரி. சனிக்கிழமை தோறும் ரயிலேறிச் சிதம்பரம் வருவார்கள். அங்கே கீழ வீதியில் ஒரு மருந்துக்கடையின் பின்கட்டில் ஓர் அறை. தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்துச் சுழற்றுகிற ஓர் இயந்திரத்தால் பல்லைக் குடைவார்கள். ஒல்லியான தேகம், சன்னமான குரல். அண்ணாமலை நகர் மாணவர்கள் முதல் பரங்கிப்பேட்டை மீன்காரர்கள் வரை எல்லோரையும் 'சார்' என்றுதான் அழைப்பார்கள். மீன்காரர்களுக்கு அது பிடிபடாமல், தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

அன்னாரிடம் நான் முதலில் போனது ஆறு வருஷத்துக்கு முன்பு. மேல் வரிசையில் ஒரு பல் என்னைப் படாத பாடு படுத்தியது. எங்கள் ஊரில் பல்வலிக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. கிராம்பை வைத்துக் கடி, கேட்காவிட்டால் பிடுங்கிப் போடு. ஆனால் மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வேறு ஒரு பயம். என் மாமியார் சத்தியமே செய்தார். பிடுங்காவிட்டால் வலியில் சாகணும், பிடுங்கினால் குருடாகணும். கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கணக்கு. அப்போதுதான், பிடுங்காமலே வலியை எடுக்கிற ஒருவர் கடலூரில் இருக்கிறார் என்று காதர் துப்புக் கொண்டுவந்தான்.

டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, ஒரு குப்பியிலிருந்து யாருடையதோ பழைய பல்லை எடுத்துக் காட்டினார்கள். "இந்த வேருக்குள்ள நூலாட்டம் நரம்பு ஓடுது சார். அதுதான் சீழ் பிடிச்சுப் போச்சு. அதை எடுத்துட்டு, உள்ள சுத்தம் பண்ணி, ஓட்டையை அடைச்சுடறேன். பல்லு அப்படியே இருக்கும்."

"நரம்பு போனா பல்லு செத்துடாதா டாக்டர்?"

"உயிர் போயிடும். ஆனா நிக்கும்."

"செத்ததை வாயில வெச்சுக்கிட்டா நான் சாப்பிடணும்?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "உங்க வீட்டு வாசக்கால் உயிரோடவா சார் இருக்கு? அது நிக்கலையா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை ஆட்டினேன். வகுப்பில் பையன்கள் என்னிடம் செய்வது அதுதானே. டாக்டர் மெல்லிய ஊசிகளைவிட்டு ஏதேதோ செய்தார்கள், பஞ்சு வைத்து மூடினார்கள். "மூணு தடவ வரணும் சார். வலி போயிடும், அதை நம்பி நின்னுடாதீங்க. உள்ள வேலை பாக்கி இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வலி போயே போய்விட்டது. அடடா, என்ன மருந்து, என்ன மருந்து என்று வழியெல்லாம் காதரிடம் புகழ்ந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் நோன்பு பிறந்துவிட்டது. நான் போகவில்லை.

காரணம் இதுதான். அந்தப் பஞ்சு மருந்தின் காரம் கொஞ்சமாவது தொண்டையில் இறங்கும். இறங்கினால் நோன்பு முறியும். டாக்டரிடம் சொன்னால், கிறிஸ்தவர், "கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்பார், வாக்குவாதம் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வலியும்தான் இல்லையே! வலிக்காத பல்லுக்கு வைத்தியம் செய்துகொள்கிற பைத்தியம் உலகத்தில் உண்டா? இது என் அன்றைய கேள்வி. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை, சிதம்பரம் போகிற வழியில் டாக்டர் எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "ஊர்ல இல்லன்னு சொல்லு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தேன். நோன்பு வைத்த வாயால் பொய்! அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவருகே போய்ச் சொன்னாள். "வந்ததும் பஞ்சை மாத்திக்கச் சொல்லுங்கம்மா, விட்டா வீங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். ரயில் போயிருந்தது. பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேரும்போது உச்சி வெயில் ஆகியிருக்கும்.

சொன்னது நடந்தது. பெருநாள் காலையில் என் கன்னம் பன்னாக உப்பியிருந்தது. தொழுகை முடிந்து கட்டித் தழுவ வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். வலி இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். மறுநாள் காதர் என்னைக் கடலூருக்கு இழுத்துக்கொண்டு போனான். "என்னய்யா வைத்தியம் பண்ணினே!" என்று ஒருமையில் கத்தினேன். வாத்தியார், படித்தவன், ஒருமையில்.

காதர்தான் சங்கடத்தோடு சொன்னான். "நோன்பு டாக்டர். மருந்து தொண்டையில எறங்கிடும்னுதான் மச்சான் வரல."

டாக்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். "நோன்பா? எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எங்க தவக்காலத்துல நானும் ஒரு வேளைதான் சாப்பிடறேன். மொத நாளே கேட்டிருக்கணும். சாயங்காலமா வரச் சொல்லியிருப்பேன். தப்பு என்னோடது சார்."

எதிரில் உட்கார்ந்து கேட்டவன் நான். "இல்லை டாக்டர், நான்தான் வரவில்லை, நான்தான் ஒளிந்துகொண்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "அப்போ பிடுங்கிப் போடுங்க" என்றேன். இப்போதும் காப்பாற்றலாம், மூன்று வாரம் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். முடியவே முடியாது என்றுவிட்டேன். ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு பிடுங்கினார்கள். பிடுங்கிய பல்லை வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல வேர்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அசிங்கம். முடிதிருத்தகம், டீக்கடை, பள்ளிக்கூடம், எங்கே உட்கார்ந்தாலும் அதே பேச்சு. "வேர் வைத்தியமெல்லாம் ஏமாத்து. தப்பா பண்ணிட்டேன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாரு!" வாத்தியார் சொன்னால் ஊர் நம்பாதா? அடுத்த வருஷம் எனக்குக் கண்ணாடி வந்தது. நாற்பது வயதில் எவனுக்கும் வருவதுதான். ஆனால் மேல் பல் பிடுங்கியதால் என்று ஊர் சொன்னது, நானும் ஆமாம் என்றேன். பல்லைப் பிடுங்கியதும் என் பிடிவாதம், அதற்கும் பழி டாக்டர் மேல். அந்தப் பழி நியாயமா என்று நான் யோசிக்கவே இல்லை.

டாக்டர் மட்டும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "அடுத்த நாலு வாரத்துல நோன்பு, விரதம், கல்யாணம், பிரயாணம் ஏதும் உண்டா சார்?" என்று எல்லோரையும் கேட்டார்கள். பல் டாக்டருக்கு வீட்டுக் கல்யாணம் எதற்கு என்று ஜனங்கள் திருதிருவென்று விழித்தார்கள். மறு வருஷம் நோன்பு மாதத்தில், சனிக்கிழமைகளில் நோன்பு திறந்த பிறகு வருகிறவர்களுக்காகச் சிதம்பரத்திலேயே இருந்து கடைசி வண்டியில் ஊர் திரும்பினார்கள். காதர் ஒருநாள் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து சொன்னான். "நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரல மச்சான். விளக்கைப் போட்டுக்கிட்டு அவரு பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்காரு." ஏன் வரவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேச்சை மாற்றினேன்.

இந்த வருஷம் கீழ்ப் பல் வலிக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் ஏற்கெனவே பல் இல்லை, இதுவும் போனால் கஞ்சிதான். வேறு வழியில்லாமல் போனேன், தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று சிதம்பரத்தை விட்டுவிட்டுக் கடலூருக்கே. டாக்டர் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒரு குத்தல், ஒரு சிரிப்பு. "வாங்க சார், உக்காருங்க. நோன்பு எப்போ?" என்று மட்டும் கேட்டார்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றேன். "அப்போ தாராளமா முடிச்சுடலாம்." மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ஆங், அப்படியே வெச்சுக்குங்க" என்று உள்ளே விளக்கைக் காட்டிவிட்டார்கள். கடைசி நாளில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். அந்தக் கடைசி நாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

செவ்வாய் மதியமே மஞ்சக்குப்பம் போனேன். வாசலில் பந்தல். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அழுகை பாதி, பல் பாதி. பந்தல் முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. எல்லோர் வாயிலும் முடியாத பல்! இதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பக்கத்தில் குடிகாடு கிராமத்து விவசாயி ஒருவர். "எனக்கு ரெண்டு தடவ ஆச்சுங்க. வலி போயிடுச்சு. மூணாவதுக்கு நான் வர்றதாவே இல்ல. பரங்கிப்பேட்டையில யாரோ ஒரு வாத்தியாருக்குத் தப்பா பண்ணிட்டேன்னு இவரே ஒத்துக்கிட்டாராமே? இன்னிக்குப் பொணத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நல்ல மனுஷன்."

குடிகாடு வரைக்கும் போயிருக்கிறது என் பேச்சு. அவர்களை மண்ணில் வைக்கிற நாளிலும் பந்தலில் நிற்கிறது.

"அந்த வாத்தியார் நான்தாங்க" என்றேன். "அவரு தப்பு ஒண்ணும் பண்ணல. வலி போயிடுச்சுன்னு நான்தான் பாதியில நின்னேன். தேடி வந்தப்போ ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஏன் அவரு ஒத்துக்கிட்டாரு?"

பெருந்தன்மை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அடக்கம் முடிந்தபின் டாக்டரின் துணைவியார், கண் சிவந்திருந்தபோதும், ஒரு மரப்பெட்டியிலிருந்து நோயாளிகளின் சீட்டுகளை எடுத்து அவரவர் பெயர் கேட்டுக் கொடுத்தார்கள். "பாண்டிச்சேரியில அவரோட படிச்ச டாக்டர் இருக்காரு. இதைக் காட்டினா மீதியைப் பாத்துடுவாரு. யாரும் பாதியில விட்டுடாதீங்க, அவரு தாங்கமாட்டாரு" என்றார்கள். எனக்கு இரண்டு சீட்டு வந்தது. புதியதில் பல்லின் படமும், இரண்டு வேரிலும் நரம்பு எடுத்தாயிற்று, அடைப்பது பாக்கி என்ற குறிப்பும். பழையதில், பிடுங்கிய தேதிக்குக் கீழே, அவர்கள் கையெழுத்தில் ஒரே வரி: "நோன்பு. நான் கேட்கவில்லை. என் தவறு."

ஆக, எனக்காகச் சொல்லவில்லை. யாரும் பார்க்காத சீட்டிலும் அப்படியே நம்பி எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் தவறு யாருடையது? கேட்காதவருடையதா, சொல்லாதவனுடையதா? நான்கு நாளாக இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் தெளிவு. அவர்கள் தம் பங்கை அன்றே எழுதிவைத்துவிட்டார்கள். என் பங்கை எழுத எனக்கு ஆறு வருஷமும் ஒரு சாவும் தேவைப்பட்டிருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிற என் ஊராருக்குச் சொல்கிறேன்: டாக்டர் சவரிமுத்து என் பல்லைக் கெடுக்கவில்லை. நான் சொன்னது பொய். உங்களில் யார் வாயிலாவது அவர்கள் வைத்த பஞ்சு இருந்தால், தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள்.

டாக்டர், போய் வாருங்கள். வருகிற புதன்கிழமை குடிகாட்டுக்காரரும் நானும் பாண்டிச்சேரி போகிறோம். எங்கள் இருவருக்கும் இப்போது துளி வலியும் இல்லை. அதனால்தான் போகிறோம்.