தட்டாமல் விட்ட இரண்டாவது தட்டு

சுசீந்திரம் கோயில் நடையை எல்லா ஜாதிக்காரருக்கும் திறந்துவிட்ட வருஷத்தை வைத்துத்தான் நான் மற்ற வருஷங்களை நினைவு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தலைப்பாகை கட்டி ஐயா வழி மார்க்கத்தில் நடப்பவர், சிலை வைத்த கோயிலுக்குப் போகாதவர். உள்ளே போவதா வேண்டாமா என்று அன்று காலை முழுவதும் கிணற்றங்கரையில் நின்று யோசித்தார். கடைசியில், "இத்தன வருஷம் வெளிய நின்னாச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வாறேன்" என்று புறப்பட்டார். திரும்பி வந்தவர், "தூணத் தட்டினா பாடுது மக்கா" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றியல்ல. இது அதற்கு இரண்டு பனைக்காலம் முன்பு நடந்தது.

நான் படித்தவன் அல்ல. மணலில் எழுதின எழுத்து மணலோடு போயிற்று. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அச்சுத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. நான் வழி தவறி வேறெங்காவது போனால் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

என் மாமன் மகனும் நானும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மயிலாடியில் கல் கொத்துகிற சத்தம் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். நாங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா பனையிலிருந்து விழுந்தார். அவருக்கு இடுப்பு போனது. நான் பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நாகர்கோவில் கல்லூரி வரைக்கும் உட்கார்ந்தான். எங்கள் சபையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். பனை உச்சியில் ஏறி முழு நாளையும் கழித்த முதல் ஆள் நான் என்று பெருமை பேச முடியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் விடுதியிலிருந்து வருவான். வடசேரியில் பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. வந்ததும் வீட்டுக்குப் போகமாட்டான். நேராக எங்கள் பனை விளைக்கு வந்து, நான் எந்தப் பனையில் இருக்கிறேன் என்று பார்த்து, அதன் அடிமூட்டில் நின்று அந்த வாரம் படித்ததைச் சொல்லுவான். நான் மேலே பாளை சீவிக்கொண்டு கேட்பேன். இயற்கை சாஸ்திரம், தர்க்கம், சரித்திரம், ஆங்கிலம் எல்லாம் பனை உயரத்துக்கு ஏறி வந்தன.

ஒருநாள், "லே, பனை மரமே இல்லியாம். புல்லு வகையாக்கும்" என்றான்.

"யாரு சொன்னா?"

"புரொபசர் சொன்னாரு. வித்துல ஒத்த இலைதான் இருக்குமாம். நெல்லு மாதிரி."

"அப்போ நான் தெனமும் முப்பது புல்லுல ஏறி எறங்குதேன். உங்க புரொபசருகிட்ட என்னையும் ஆடுன்னு எழுதச் சொல்லு."

பதநீரை நாங்கள் அக்கானி என்போம். கீழே அக்கானிக் குடத்தோடு நின்ற என் அம்மா சிரித்த சிரிப்பில் குடம் ஆடியது.

இன்னொரு நாள் வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு வரும் என்றான். தூரத்தில் சம்மட்டி விழுவதைக் கண் பார்த்த பிறகுதான் சத்தம் காதுக்கு வருமாம்.

"அத நான் தெனமும் இஞ்ச இருந்து பாக்கேன்லே. கல்லு கொத்துதவன் கை எறங்கும், பொறவு சத்தம் வரும். இதுக்கா நீ காலேஜுக்குப் போனே?"

"நீ பாத்ததுக்குப் பேரு உண்டு. அந்தப் பேரு எனக்குத் தெரியும், கேட்டியா?"

அந்தப் பேரை அவன் சொன்னான். எனக்கு மனதில் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மயிலாடிப் பக்கம் சம்மட்டி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், கல்லூரியில் பேர் வைத்த ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சந்தோஷம். அவன் படித்தது இரண்டு பேருக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்று. போதகராக வேண்டும். சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு ஆள் தேடி வந்தார்கள், அவன் அசையவில்லை. ஆனால் ஜெபம் பண்ணிக்கொண்டே கண்ணை மூடிக்கிடக்கிற ஆளும் அல்ல. "படிக்கப் படிக்க விசுவாசம் கொறையும்னு உபதேசியார் பயப்படுதாரு. எனக்குக் கேள்விதான் கூடுது. விசுவாசம் இருக்க எடத்துலதான் இருக்கு" என்பான். பிறகு, "சில நாளு அதத் தேடித்தான் பாக்கணும்" என்பான்.

கல்லூரிப் பரீட்சை முடித்து அவன் ஊருக்கு வந்த கோடையில் விஷயம் முடிவாக வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து பெரியவர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் வேதக்கோயிலுக்கு வருவார்கள். அவன் பிரசங்கம் பண்ணவேண்டும். அவர்களுக்குப் பிடித்தால், வடக்கே வெகு தொலைவில் போதகர்களைப் படிக்கவைக்கிற கல்லூரிக்கு அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் இல்லை. போனால் நான்கு வருஷம். திரும்பி வந்தாலும் சொந்த ஊர்ச் சபையில் வைக்கமாட்டார்கள், எங்கேயாவது மேற்கே புதுக்கடைப் பக்கமோ மலைப்பக்கமோ போட்டுவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பிரசங்கத்தை அவன் என்னிடம் பழகிப் பார்த்தான். "கோயில்ல உக்காருததெல்லாம் உன்ன மாதிரி ஆளுதான் மக்கா. பனை உச்சியில உனக்கு எட்டினா, பின் வரிசைக்கும் எட்டும், எல்லாவனுக்கும் புரியும்" என்றான். நான் நடுவில் கத்திப் பதில் சொன்னால் அவன் பேச்சு அறுந்துபோகிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். சொல்லி முடித்ததும் நான் அரிவாள் பிடியால் பனைமட்டையில் தட்டவேண்டும். தட்டாவிட்டால் காதுக்கே எட்டவில்லை. ஒரு தட்டு என்றால் கேட்டது, மனதில் ஏறவில்லை. இரண்டு தட்டு என்றால் ஏறிவிட்டது.

வேதத்தில் ஒரு குள்ளன் கூட்டத்தில் தெரியாமல் மரத்தில் ஏறி நின்று வழியில் போன ஆண்டவரைப் பார்த்தானே, அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டான். முதலில் நான்கு நாள் தொடர்ந்து ஒரு தட்டுதான் விழுந்தது. முதல் நாள் ஆங்கில வார்த்தை நிறைய. இரண்டாம் நாள் அந்த மரம் என்ன ஜாதி என்று இயற்கை சாஸ்திரத்துக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் அம்மா, "ஏலே, போதும், பனைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு எறக்கிவிடு அவன, அக்கானி புளிக்குது" என்றாள். அவன், "மாமி, ஒங்களுக்காவது புரிஞ்சுதா?" என்று கேட்டான். "நீ சத்தமா பேசினது புரிஞ்சுது" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை. வெயில் ஏறவில்லை, ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அவன் கையில் காகிதம் இல்லாமல் வந்தான். வழக்கமாக விளையின் நடுவில் நின்று கையை நீட்டிப் பேசுவான். அன்று பனை மூட்டோடு ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்து, என்னோடு பேசுவது போலவே சொன்னான்.

"எல்லாரும் மரத்துல ஏறினவனப் பத்திப் பேசுதாங்க. நான் கீழ நின்னவரப் பத்திச் சொல்லப்போறேன். தெய்வம்னா மேல இருக்கும், நாமதான் அண்ணாந்து பாக்கணும்னு நெனச்சிருக்கோம். அன்னைக்கு மேல இருந்தது மனுஷன். ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தது ஆண்டவரு. மரத்துல சோலி செய்யுதவன்கிட்ட பேசிப் பாத்தவங்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்துல கழுத்து நோவும். அவருக்கும் நொந்திருக்கும். ஆனா அவன் எறங்குத வரைக்கும் அவரு தலையத் தாழ்த்தல்ல."

இன்னும் கொஞ்சம் சொன்னான். இவ்வளவுதான் எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது. முடித்துவிட்டு ஜெபம் சொல்லவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

நான் மட்டைகளுக்கு நடுவில் சாய்ந்து நின்றிருந்தேன். அரிவாள் கையில் இருந்தது. பாளை சொட்டுவது கேட்டது. இந்தப் பனைகளில் நானும் என் அப்பாவும் எத்தனை வருஷம் ஏறி இறங்கியிருக்கிறோம். எங்களைக் கீழே நின்று ஒருவர் கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கண்ணைத் துடைக்க எனக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

ஒரு தட்டு தட்டினேன்.

இரண்டாவது தட்டுக்கும் கை ஓங்கியது. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் முந்தின நாள் பார்த்த தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அவன் வடக்கே படிக்கப் போவதற்கென்று மாமா வடசேரியிலிருந்து வாங்கிவந்த பச்சைப் பெட்டி. மூடியைத் திறந்து திறந்து காட்டினார். உள்ளே அப்போது ஒன்றுமே இல்லை. இரண்டாவது தட்டு விழுந்தால் அந்தப் பெட்டி அவனைக் கொண்டுபோய்விடும் என்று தோன்றியது. கை நின்றுவிட்டது.

அவன் காத்திருந்தான். பிறகு, "ஒண்ணுதானாலே?" என்று கேட்டான். அதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஒண்ணுதான்" என்றேன்.

"செரி மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை விளைக்கு வரவில்லை. புத்தகங்களோடு உட்கார்ந்து வேறு பிரசங்கம் எழுதினான். கோயில் நிறைந்திருந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள். அவன் தர்க்கப் பாடம் மாதிரி முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்கினான். தப்பு என்று எதையும் சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின. நான் பின் வரிசையில் இருந்தேன். அவன் ஒருதடவை என்னைப் பார்த்தான். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன், வாசிக்கத் தெரிந்தவன் மாதிரி.

வெளியே வந்தபோது பெரியவர்களில் ஒருவர் எங்கள் டீக்கனிடம், "பையன் நல்லா படிச்சிருக்கான். ஆனா புஸ்தகம்தான் பேசுது, அவன் பேசல்ல. ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கட்டு, பொறவு பாப்போம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

இரண்டு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பான் என்று எனக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம். அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. விடுதியில் கூட இருந்த ஒருவனுடைய சித்தப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அங்கே கணக்கப்பிள்ளை வேலை என்று கடிதம் வந்தது. சரி என்றுவிட்டான். நான் வேண்டாம் என்று நினைத்தது நான்கு வருஷப் பிரிவு, மேற்கே ஒரு நாள் நடைத் தூரம். கிடைத்தது கடல்.

போகிற அன்று காலை பனை மூட்டுக்கு வந்தான். நான் திளாப்புக் கயிற்றைக் காலில் மாட்டி இறங்கத் தொடங்கினேன்.

"எறங்காத மக்கா, சீவுத நேரம். நான் இஞ்ச நின்னே சொல்லிட்டுப் போறேன்."

"எப்ப வருவே?"

"வருவேன். நீ பைய ஏறி எறங்கு. பாத்து."

கொஞ்ச நேரம் அண்ணாந்தபடி நின்றான். கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். அரிவாள் அப்போதும் என் கையில்தான் இருந்தது. அப்போது தட்டியிருக்கலாம். தட்டினால் அன்றைக்கு ஏன் தட்டவில்லை என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து சும்மா இருந்தேன். பச்சைப் பெட்டியை மாமா தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவன் பின்னால் போனான். உச்சியிலிருந்து பார்த்தால் ரோடு வெகு தூரம் தெரியும். அதுவும் ஒரு கஷ்டம்தான்.

அன்று சாயங்காலம் அம்மா கருப்பட்டிக்கு அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமல் கேட்டாள்.

"கழுத்து நோவுன்னு ஒண்ணு சொன்னானே, அத ஏன் கோயில்ல சொல்லல்ல?"

"எனக்குத் தெரியாது."

"நான் அன்னைக்கு வடலிப் பனைக்குள்ள ஓலை பெறக்கிட்டு நின்னேன். ஒரு தட்டுதான் கேட்டுது."

"எனக்குப் புரியல்ல, அதான்."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். "எனக்கே புரிஞ்சுது" என்றாள். அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உபதேசியார் பேருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. எனக்கு அவர் வாசித்துக் காட்டினார். முதல் கடிதத்தில், இங்கே தேயிலைச் செடி இடுப்பு உயரந்தான், அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் கல்யாணம். மூன்றாவதில், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜெப வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், பேசச் சொல்லிக் கேட்கிறார்கள், பேசுவதில்லை, ஜெபம் மட்டும் உண்டு, மக்காவிடம் சொல்லுங்கள் என்று இருந்தது. பதில் எழுதச் சொன்னேன். உபதேசியார் பேனாவை மையில் தொட்டுவைத்துக்கொண்டு, "என்ன எழுதணும்?" என்றார். அவர் முன்னால் அந்த இரண்டாவது தட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. சுகம், மழை உண்டு என்று எழுதச் சொன்னேன். பிறகு யுத்தம் வந்தது. கடிதம் நின்றது. அவன் அங்கேயே இறந்துபோனான் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இப்போதும் பிரசங்கம் தொடங்கினால் என் விரல் பெஞ்சின் ஓரத்தைத் தேடும். கீழே இருந்து ஒரு குரல் வருமா என்று காது போகும்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் உங்களுக்கு யாராவது இருக்கலாம். மயிலாடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பச்சைத் தகரப்பெட்டியோடு வந்த கணக்கப்பிள்ளையின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அங்கே இருந்தால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் சொன்னது எட்டியது, மனதிலும் ஏறியது. தட்டாமல் விட்டவன் நான். அவர்கள் வீட்டுக் கதவிலோ மேசையிலோ எனக்காக இரண்டு தடவை தட்டுங்கள். இரண்டும் காதில் விழும்படி தட்டுங்கள்.