ஜன்னலோர இடம்

பெரியப்பா வாடகை வேனில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றினார். கன்னியாகுமரி போய்வரும் மூன்று நாளும் அதுதான் எங்களுக்கு வீடு. சமையலுக்கு அத்தை. புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்டதால் எங்களோடு இருந்தவள், பெரியப்பாவின் கூடப் பிறந்த தங்கை. சமைக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாதமாகக் கடல் கடல் என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுவரை கடலைப் பார்த்ததில்லை.

வாந்தி எடுப்பாள் என்று ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. சங்கரன்கோவிலில் வண்டி ஏறியதிலிருந்து எரிந்துகொண்டிருந்தேன்.

பனவடலிசத்திரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினார்கள். அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஏட்டி, இதை வச்சிரு, முள்ளுக்குள்ள விழுந்துரும். நான் ஒதுங்கிட்டு வந்துருதேன். வண்டிய எடுத்தாவன்னா சொல்லிரு."

அவள் உடைமரங்களுக்குள் போனதும் நான் ஜன்னலோரத்துக்கு நகர்ந்தேன். எல்லோரும் ஏறினார்கள். பெரியப்பா பிள்ளைகளை மட்டும் எண்ணினார். வண்டி கிளம்பியது. சொல்ல வாயெடுத்தேன். காற்று முகத்தில் அடித்தது. அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அடி விழும். வாயை மூடிக்கொண்டேன்.

திருநெல்வேலியில் ஆற்றில் குளித்துவிட்டு இட்லிப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் அவளைத் தேடினார்கள். பரிமாற ஆளில்லை.

"திரும்பிப் போனா இன்னைக்குப் பொழுது போச்சு. அவ என்ன சின்னப் பிள்ளையா? பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பா" என்றார் பெரியப்பா.

"கையில காசு இருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"அவளா? குளிக்கும்போதுகூட சுருக்குப்பைய எறக்க மாட்டாளே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பை என் பாவாடைக்குள் இருந்தது. அம்மாவே இட்லி வைத்தாள். மூன்று நாளும் ஜன்னலோரத்தை நான் யாருக்கும் விடவில்லை.

திரும்பி வந்தபோது அத்தை எங்களுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். பாதங்களில் துணி சுற்றியிருந்தது. அன்று அந்த வெயிலில் ஊர்வரை நடந்தே வந்திருக்கிறாள்.

"பஸ்ஸுல வாரதுக்கு என்ன கேடு?" என்று பெரியப்பா கத்தினார். "ஒரு ஆள்ட்ட சொல்லிட்டு எறங்க மாட்டியா?"

"சொல்லல. பையையும் தொலச்சிட்டேன். தப்புதான்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுப்படியில் தனியாக இருந்தபோது பையைக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ மெதுவாகக் கேட்டாள்:

"கடல் எப்படிட்டி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. நம்ம தெப்பக்குளம் மாதிரிதான்."

அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது பொய். பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அதன்பிறகு அவளை யாரும் எங்கும் கூட்டிப்போகவில்லை. ஒழுங்காக வண்டியேறத் தெரியாதவள் என்று பேராகிவிட்டது. தெருவில் யாராவது கன்னியாகுமரி போய்வந்து அளந்தால் மட்டும் அவள் சும்மா இருக்கமாட்டாள். "கடல் என்ன கடல்? நம்ம தெப்பக்குளம் மாதிரிதானாம். எங்க அண்ணன் மவ பாத்துட்டு வந்து சொன்னா" என்பாள், சாகும்வரைக்கும்.