மாவுக்கட்டின் மேல் இருந்த எழுத்து

போன மாதம் வாசற்படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பாசி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என் மகன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நடை நடந்து பார்க்கிற ஆசையில் விழுந்தேன். இந்த வயதில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

மகன் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே கட்டுப் போடுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீல நிறச் சுருள் ஒன்றை எடுத்தாள். முன்னால் ஒரு பேசினில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் என்ன நினைத்தேனோ, நல்ல கையை நீட்டி அந்தத் தண்ணீருக்குள் விரலை விட்டேன்.

"என்ன பாட்டி, கை கழுவணுங்களா?"

"இல்ல கண்ணு. சூடா இருக்குதான்னு பாத்தேன்."

"கொழாத்தண்ணிங்க பாட்டி. ஐஸாட்டம் இருக்குது, இதப் போயி சூடுங்கறீங்க."

சிரித்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தாள். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. வெள்ளையடித்த பள்ளிக்கூடச் சுவரில் முதல் மழை பட்டால் ஒன்று வருமே, அதேதான் நனைந்த மாவுக்கட்டின் வாசனையும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் இருந்தேன். அதன் பிறகு அந்த வாசனை எனக்கு மாவு அறையில்தான் கிடைத்தது.

சில எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. எலும்பு முறிவுக்கென்று தனி வார்டு, அதன் கோடியில் மாவு அறை. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது சரிவில் உருண்டவர்கள், மரம் வெட்டும்போது அடிபட்டவர்கள், காட்டுப் பன்றி துரத்தி விழுந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். நான் அந்த அறையின் ஆயா. டாக்டர் கட்டுப் போடும்போது சுருள்களைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுப்பது என் வேலை. முதலில் மாவைத் துணியில் தேய்த்து நாங்களே சுருட்டுவோம். அது இறுக நேரமாகும் என்பதால் வெந்நீர்தான் வைப்போம். பிறகு டப்பாவில் அடைத்த ரெடிமேட் சுருள் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இது சீக்கிரம் இறுகிடும்மா. இதுக்குப் பச்சத்தண்ணி மட்டும்தான். சூடு பட்டா உள்ள தோல் வெந்துடும்" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தக் காலத்தில் எது சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவேன். எனக்குப் பேச வராது, அவ்வளவு கூச்சம். வார்டில் என்னை ஊமையாயா என்றே சிலர் கூப்பிட்டார்கள்.

டாக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவர் முதல் இரண்டு சுருளைச் சுற்றி எலும்பை நிறுத்திவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். மீதிச் சுருளை நான் சுற்றி முடிப்பேன். யார் முடித்தார்களோ அவர்கள் கட்டின் ஈரம் காய்வதற்குள் தேதியைப் போட்டுத் தங்கள் பேரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு காப்பியிங் பென்சில். காகிதத்தில் எழுதினால் சாம்பல் நிறம். ஈர மாவில் பட்டால் கத்தரிப்பூ நிறமாகி ஊறிவிடும், அழியாது.

சுற்றுவதில் எனக்குப் பயமே இல்லை. எழுதுவதில்தான் பயம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கட்டுப் போட்டவர்கள் காலையே பார்த்துக்கொண்டு ஆறு வாரம் படுத்திருப்பார்களே, என் எழுத்தையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள் என்று வெட்கமாக இருக்கும். அதனால் எழுத்தைத் தொடைக்கு அடியில், யாருக்கும் தெரியாத பக்கத்தில் எழுதுவேன். டாக்டர் குனிந்து தேடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் சாந்தாமணி வந்தாள்.

வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு ஃபிட்டரின் மகள். ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சயன்ஸ் டீச்சர் டாக்டரிடம் கேட்டு, அரையாண்டு லீவு முழுக்க அவர் கூடவே இருந்து பார்ப்பதற்கு ஏற்பாடு செய்திருந்தார். "பாக்கலாம், கேக்கலாம், எழுதிக்கலாம். எதையும் தொடக்கூடாது" என்பது டாக்டர் போட்ட கண்டிஷன். இரட்டைச் சடை, பள்ளிக்கூட நீல ஸ்வெட்டர், கையில் ஒரு நோட்டு. டாக்டர் எங்கே திரும்பினாலும் ஒரு முழம் பின்னால் நிற்பாள்.

மாவு அறை அலமாரியில் கம்பியில் கோத்த ஒரு பாதத்து எலும்பு இருந்தது. வாரம் ஒரு முறை அதைக் கழற்றித் துடைப்பேன். ஒரு தடவை மாட்டும்போது ஒரு விரலை மாற்றி மாட்டியிருக்கிறேன். டாக்டர் எத்தனையோ மாதம் கவனிக்கவில்லை. இவள் வந்த முதல் நாளே அதன் முன்னால் நின்று உதட்டைக் கடித்தாள். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என் காதோரம் வந்தாள்.

"ஏனுங்க்கா, இந்தக் காலுக்குச் சுண்டுவெரலு நடுவுல மொளச்சிருக்குதுங்களே?"

எனக்கு உயிர் போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கழற்றிச் சரியாக மாட்டினோம். யாரிடமும் அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளிடம் மட்டும் எனக்கு வாய் திறந்தது. நான் இரண்டு வயதுப் பிள்ளையோடு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பது, இந்த மாதக் கடைசியில் வேலை பர்மனென்ட் ஆகும், ஆகிவிட்டால் எஸ்டேட் லைனில் ஒரு வீடு கிடைக்கும், இல்லாவிட்டால் அண்ணி சொல்லிக்காட்டுவது நிற்காது என்பதெல்லாம் அவளிடம் சொன்னேன். அவளும் சொன்னாள். ப்ளஸ் டூ முடிந்ததும் ஸ்ரீமதுரைப் பக்கம் இருக்கிற மாமன் மகனுக்குக் கட்டி வைக்க அப்பா முடிவு செய்திருக்கிறார். லீவு முடியும்போது டாக்டரே வீட்டுக்கு வந்து, இந்தப் பெண்ணை டாக்டருக்குப் படிக்க வையுங்கள் என்று பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"டாக்டர் சொன்னா எங்கப்பா தட்ட மாட்டாருங்க்கா. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றாள்.

கட்டின் மேல் எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டேன். அச்சடித்த மாதிரி எழுத்து. தேதியும், என் பேரின் முதல் எழுத்தும். தொடுவதுதானே கூடாது, எழுதினால் என்ன என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

மார்கழிக் குளிர். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில் செல்லாயி அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து எடுத்தவர். வழுக்கி முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. டாக்டர் இரண்டு சுருள் சுற்றிவிட்டுப் போனார். அந்த அம்மாள் குளிரில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் கை வைத்தேன், எலும்பு வரை குத்தியது. இந்த ஈரத்தையா இந்த உடம்பின் மேல் சுற்றுவது என்று மனசு கேட்கவில்லை. ஸ்டவ்வில் சூடாக இருந்த கெட்டில் தண்ணீரை வாளியில் ஊற்றினேன்.

சாந்தாமணி விரலை விட்டுப் பார்த்தாள். "அக்கா, சூடா இருக்குதுங்களே. டாக்டர் பச்சத்தண்ணின்னு சொன்னாருங்களே?"

"இந்தக் குளுருக்கு இதெல்லாம் ஒரு சூடா? அதுக்குள்ள ஆறிப்போயிரும் கண்ணு. எத்தன கட்டு பாத்திருப்பேன்."

சுற்ற ஆரம்பித்தேன். நான்காவது சுருளில் செல்லாயி அக்கா, "ஏன் பிள்ளை, சுடுதே" என்றார்.

"கட்டு எறுகறப்பச் சுடுங்க்கா. அப்படித்தான் இருக்கும்."

பேச வராதவளுக்கு அன்றைக்கு என்ன பேச்சு!

முடித்ததும் சாந்தாமணி பென்சிலை எடுத்துத் தேதி போட்டாள். என் எழுத்தைப் போடப் போனாள். அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாளே, ஒரு நாளைக்காவது சந்தோஷப்படட்டும் என்று, "இன்னைக்கு உம் பேரப் போடு கண்ணு. நீயும் ஒரு டாக்டருன்னு இருக்கட்டும்" என்றேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. 'சா' என்று பெரிதாக, முன்பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதினாள்.

மறுநாள் காலை செல்லாயி அக்கா எரிச்சல் தாங்காமல் அழுதுகொண்டிருந்தார். டாக்டர் கத்திரி கொண்டுவரச் சொல்லிக் கட்டை இரண்டாக வெட்டினார். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

வெட்டிய பாதியைத் தூக்கி எழுத்தைப் பார்த்தார். "இது யார் எழுத்து?"

"என்னுதுங்க" என்றாள் சாந்தாமணி.

"சுடுதண்ணி யார் ஊத்தினது?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று சும்மா காத்திருந்தாள். நான் காலி வாளியைப் பார்த்தேன்.

"நாந்தாங்க டாக்டர்" என்றாள்.

இந்தக் கதையை நான் இதற்கு முன் ஒரே ஒருவரிடம், என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னபோது இந்த இடத்தில், "கூச்சத்துல வாயடைச்சு நின்னுட்டேன்" என்று முடித்தேன். அப்படியே நானும் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதுகிற போதாவது சரியாக எழுத வேண்டும். நான் வாயடைத்து நிற்கவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, பச்சத்தண்ணிதான் ஊத்தணும்னு நீ அவகிட்டச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னேனுங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். வார்டு முழுக்கக் கேட்கும்படி, நடுங்காமல், தெளிவாகச் சொன்னேன்.

டாக்டர் சத்தம் போடவில்லை. "எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார். அவள் நோட்டை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டுக்கு டாக்டர் போகவே இல்லை.

வெட்டிய கட்டைக் கொண்டுபோய்ப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடிக் குழியில் போட வேண்டியது என் வேலை. வலது கையில் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு, இடது பெருவிரலில் எச்சிலைத் தொட்டு 'சா'வைத் தேய்த்தேன். எதற்குத் தேய்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுத்து போகவில்லை, பரவியது. என் விரல்தான் கத்தரிப்பூ நிறமானது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரம் இருந்தது. அண்ணிகூட, "என்ன, பாங்கியில கைநாட்டு வெச்சுட்டு வந்தியா?" என்று கேலி செய்தாள்.

செல்லாயி அக்கா ஆறேழு வாரம் படுத்திருந்தார். புண்ணுக்கு மருந்து வைக்கும்போது ஒரு நாள் கேட்டார். "ஏன் பிள்ளை, அந்தச் சின்னப் பிள்ளை எங்கே?"

"லீவு முடிஞ்சுதுங்க்கா. ஸ்கூலுக்குப் போயிருச்சு."

"லீவா?" என்று சிரித்தார். "எனக்குக் காலுலதான் அடி. கண்ணு நல்லாத்தான் தெரியுது."

நான் பஞ்சை எடுக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"நான் சொன்னா உன் சோறு போகும். நீயே சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னும் எத்தனை நாள் பார்க்கட்டும்?"

அவர் வீட்டுக்குப் போகிற நாள் வரை பார்த்தார். போகும்போது புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டி, "இந்தா, இதுல உன் பேரு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையே அந்த மாதக் கடைசியிலேயே என்னைப் பர்மனென்ட் செய்திருந்தார்கள். வீடும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் தினமும் காலையில் டாக்டர் கை கழுவும்போது பக்கத்தில் துண்டோடு நின்றேன். எட்டு வருஷக் காலைகள். ஒன்றில் கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷமோ அதற்கடுத்ததோ, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ "அக்கா" என்றார்கள். சாந்தாமணி. தாவணி கட்டியிருந்தாள், உயரமாகத் தெரிந்தாள். டைப்பிங் கிளாஸுக்குப் போவதாகச் சொன்னாள். தை மாதம் கல்யாணம் என்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பர்மனென்ட் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சு கண்ணு."

"ஊடு?"

"குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சுங்க்கா" என்றாள். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். ஸ்ரீமதுரைக்குப் போனாள் என்று கேள்வி. பிறகு ஒன்றும் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

டாக்டர் சமவெளிக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். செல்லாயி அக்காவும் போய்விட்டார். ஆஸ்பத்திரியை மூடி, வார்டில் தேயிலைப் பெட்டி அடுக்கினார்கள். பிறகு அதையும் இடித்துவிட்டார்கள். சில்வர் ஓக் மரங்கள் இல்லை. மாவுக்கட்டுக் குழி இருந்த இடத்தில் இப்போது ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. எனக்குக் கொடுத்த லைன் வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தேன்.

கட்டுப் போட்ட பெண் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீலக் கட்டு அதற்குள் கல் மாதிரி இறுகிவிட்டது.

"கண்ணு, இதும் மேல உம் பேரு எழுத மாட்டியா?"

"இதுல எதுக்குங்க பாட்டி பேரு? எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்க."

"நாந்தான் சுடுதண்ணி ஊத்துனேன்" என்றேன்.

"அதனாலென்னங்க பாட்டி. கைய மட்டும் தொங்கப் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மடியில் கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீலக் கட்டுக்கு வெளியே இடது பெருவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு கறையும் இல்லை, சுத்தமாக இருக்கிறது.